ட்வீட்டருக்குக் காவல் ஒரு கண்டன்சர் மட்டும் போதுமா?

மேலூர் வாசகர்: திருவிழாக்களுக்கு மைக் செட் போடுகிறேன். ட்வீட்டருடன் (கூர்மையான உயர் ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்) தொடராக 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைத்தும் அது அடிக்கடி எரிந்துபோகிறது. ஏன்?

8 ஓம் ட்வீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் வைத்தால் பிரிப்பு, அதாவது ட்வீட்டருக்குப் போகும் ஒலி தொடங்கும் எல்லை, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதுவும் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபல் என்ற மெல்லிய சரிவுதான். 1,000 ஹெர்ட்ஸில்கூட ஐந்தில் ஒரு பங்கு பவர் உள்ளே போய்விடும். நாதஸ்வரத்தின் வலுவெல்லாம் அந்தப் பகுதியில் இருக்கும்போது, அந்தச் சிறிய சுருள் எத்தனை நாள் தாங்கும்? 4.7 மைக்ரோஃபாரட் கண்டன்சரைத் தொடராகவும், 0.6 மில்லிஹென்றி காயிலை ட்வீட்டருக்கு இணையாகவும் போடுங்கள். பிரிப்பு 3,000 ஹெர்ட்ஸுக்கு ஏறும்; சரிவு 12 டெசிபல் ஆகும். அதே 1,000 ஹெர்ட்ஸில் இப்போது போவது எண்பதில் ஒரு பங்குதான். காயிலுக்கு ஆகும் செலவைப் பார்த்து ட்வீட்டரைப் பலி கொடுக்காதீர்கள். ஆம்ப்ளிபயரை அலறும் அளவுக்குத் திருப்பினால் மட்டும் எந்தக் கிராஸ்ஓவரும் (ஒலியைப் பிரித்து அனுப்பும் இந்தச் சுற்று) காப்பாற்றாது.

திருமங்கலம் வாசகர்: 12 டெசிபல் கிராஸ்ஓவர் கட்டினேன். பாடகர் குரல் உள்வாங்கிப் போகிறது.

ட்வீட்டரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுங்கள். 12 டெசிபல் வகையில் ஒயரை மாற்றாவிட்டால், பிரிப்பு இடத்தில் வூஃபரும் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) ட்வீட்டரும் எதிரெதிராக அசைந்து, ஒன்றின் ஒலியை மற்றொன்று அழித்துவிடும். இரண்டு விதமாகவும் இணைத்துக் கேட்டு, குரல் நிறைவாக வரும் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரப்பாளையம் வாசகர்: வூஃபர் காயிலை 8 ஓமுக்குக் கணக்கிட்டுத்தான் போட்டேன். இருந்தும் கரகரக்கிறது.

முதுகில் அச்சிட்ட 8 ஓமை நம்பியதில்தான் பிழை. அதிர்வெண் ஏற ஏற வூஃபரின் ஓமும் ஏறும். உயர் ஒலிகளைத் தடுக்க வேண்டிய உங்கள் காயில் பிடியை இழக்கும். வூஃபருக்கு நேர் இணையாக ஒரு ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் தொடராக்கிப் போடுங்கள். மீட்டரில் 6 ஓம் காட்டி, சுருளின் இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றியாக இருந்தால் 7.5 ஓமும் 9 மைக்ரோஃபாரடும் பொருந்தும். ரெசிஸ்டர் 10 வாட் இருக்கட்டும். இந்தச் சிறு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

சோழவந்தான் வாசகர்: டவுன்ஹால் ரோட்டுக் கடையில் பிளஸ், மைனஸ் போட்ட கண்டன்சர்தான் கிடைத்தது. போடலாமா?

தனியாகப் போடக்கூடாது, உப்பிவிடும். பிளஸ், மைனஸ் இல்லாத நான்-போலார் வகையைக் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு, 10 மைக்ரோஃபாரட் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராக்கினால் 5 கிடைக்கும்.