ஒரே மெயிலுக்கு 60 டிக்கெட்!

கேள்வி: சார், நான் ஒரு கம்பெனி செக்யூரிட்டி டீம்ல நைட் ஷிஃப்ட் பாக்குறேன். ஸ்டாஃப் யாராச்சும் சந்தேகமான மெயில்னு ரிப்போர்ட் பட்டனை அமுக்குனா எங்களுக்கு ஒரு டிக்கெட், அதாவது பாத்து முடிக்க வேண்டிய ஒரு புகார், விழும். போன வாரம் "உங்க பாஸ்வேர்டு இன்னிக்கு எக்ஸ்பயர் ஆகுது"ன்னு ஆபீஸ் முழுக்க மெயில் வந்து 60 டிக்கெட் குவிஞ்சிடுச்சு, ஒவ்வொண்ணா தொறந்து மூடுறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி மெயிலை எல்லாம் ஒண்ணா சேர்த்துடலாம்னா, நடுவுல முக்கியமானது ஒண்ணு மறைஞ்சிடும்ங்கிறார் டீம் லீட். யார் சொல்றது சரி?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: சேர்க்கிறதுதான் சரி தம்பி, ஆனா உங்க லீட் பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. வரிசையா 60 டிக்கெட் வந்தா யாரா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல சப்ஜெக்டை மட்டும் பாத்து க்ளோஸ் அடிக்க ஆரம்பிச்சிடுவாங்க. 2013-ல அமெரிக்காவுல டார்கெட் கடை நெட்வொர்க்குல ஆள் புகுந்தப்போ அலர்ட் அடிக்காம ஒண்ணும் இல்ல, பெங்களூர் டீம் பாத்து மினியாபொலிஸ் தலைமை ஆபீஸுக்கு சொல்லியும் இருந்தாங்க, அங்க உடனே யாரும் அசையல, சுமார் 4 கோடி கார்டு விவரம் போச்சு.

எதை வச்சு சேர்க்கிறீங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு. சப்ஜெக்ட் வேலைக்காகாது, ஆளுக்கு ஒரு பேரு, ஒரு டிக்கெட் நம்பர்னு மோசடிக்காரன் மாத்தி மாத்தி அனுப்புவான். எஸ்எச்ஏ-256 ஹாஷும் (மெயில்ல இருந்து கணக்குப் போட்டு எடுக்குற கைரேகை மாதிரி ஒரு கோடு) ஒரு எழுத்து மாறினாலே மொத்தமா மாறிடும். பேரு, ஐடி, நம்பர் எல்லாத்தையும் தொடச்சிட்டு, மிச்ச வாசகத்தை சிம்ஹாஷ் மாதிரி "கிட்டத்தட்ட ஒண்ணுதான்"னு காட்டுற ஹாஷ்ல போட்டு பாருங்க. அதோட நிறுத்தாதீங்க, லிங்க்கை சாண்ட்பாக்ஸ்ல (ஆபீஸ் நெட்வொர்க்கை தொடாத தனி சோதனை இடம்) ஓடவிட்டு, வேற வேற பக்கத்துக்கு திருப்பிவிடுற ரீடைரக்ட் எல்லாம் தாண்டி கடைசியா எந்த டொமைன்ல, அதாவது எந்த வெப்சைட் முகவரில, போய் நிக்குதுன்னு பாருங்க, வாசகமும் டொமைனும் ரெண்டும் ஒத்துப்போனாதான் ஒரே குரூப். ஏன்னா இவனுங்க கம்பெனி ஐடி டீம் அனுப்புன நிஜ மெயிலையே அப்படியே காப்பி அடிச்சு லிங்க்கை மட்டும் மாத்துவானுங்க, வாசகத்தை மட்டும் நம்புனா நிஜமும் போலியும் ஒரே குரூப்ல உக்காந்துக்கும், நிஜத்தை பாத்து நீங்க "சேஃப்"னு மூடுனா போலியும் சேர்ந்து மூடிக்கும். உங்க லீட் சொல்ற பயம் இதுதான்.

அப்புறம், குரூப்பை மூடிட்டா ஆளுங்களையும் மூடிட்டதா நினைக்காதீங்க. லிங்க்கை க்ளிக் பண்ணி பாஸ்வேர்டு அடிச்சவங்களுக்கு தனி டிக்கெட், பாஸ்வேர்டு ரீசெட், லாகின் ஹிஸ்டரி எல்லாம் தனியா பாக்கணும். ரிப்போர்ட்டே பண்ணாதவங்க இன்பாக்ஸ்லயும் அதே மெயில் கிடக்கும், தேடி எடுத்துடுங்க.

எந்த குரூப்லயும் சேராம அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தருக்கு மட்டும் "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு சப்ளையர் பேர்ல ஒரு மெயில் வந்திருந்தா, அதை மேல தூக்கி வைங்க, மிச்சமான நேரம் அதுக்குத்தான். முதல் மாசம் குரூப் மட்டும் பண்ணுங்க, டிக்கெட்டை தானா மூடுற ஆட்டோ க்ளோஸை ஆன் பண்ணாதீங்க, லீட்டும் ஒத்துப்பார்.