புளி போட்டு விளக்காதீர்கள்: பழைய சாக்ஸபோன் கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணம், கோயில் ஊர்வலம், இழவு வீடு என்று முப்பது வருடமாக ஊதுகிறேன். ஊதாத நேரத்தில் மற்றவர்களின் சாக்ஸைப் பழுது பார்க்கிறேன். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். கேள்விக்கு முன்பே ஒன்று: பித்தளைதானே என்று குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

தாத்தா தோட்டத்து பேண்டில் வாசித்தவர். மூன்று சாக்ஸ் விட்டுப்போயிருக்கிறார்: செல்மர் கம்பெனியின் மார்க் 6 டெனர் (பெரியது), கான் கம்பெனியின் 6 எம் ஆல்டோ (சிறியது), புஷர் கம்பெனியின் சி மெலடி (இரண்டுக்கும் நடுவில்). மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது அங்கிள்?

போன ஞாயிறு மூன்றையும் மேசையில் வைத்துவிட்டு, "செல்மர்தான் நல்லா இல்ல, காத்துதான் வருது"ன்னு சொன்னீங்க தம்பி. அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். ஓட்டை உள்ள சாக்ஸையும் ஓட்டை இல்லாத சாக்ஸையும் ஊதிப் பார்த்து, இது நல்லது அது மோசம் என்கிறார்கள். இருட்டறையில் உள்ளே குட்டி எல்இடி விளக்கை விட்டு, துளைகளை மூடும் பேடை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். உங்கள் செல்மரில் ஏழு இடம் கசிந்தது. நம் ஊர் ஈரத்துக்குத் தோல் பேட் பூஞ்சை பிடித்து ஊறிவிடும். அது சாக்ஸின் குற்றமில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். செல்மரின் நெக், அதாவது மேலே வளைந்த குழாய், அதன் அடிப்பக்கம் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன மடிப்பு தட்டுப்படுகிறது. யாரோ அழுத்தியே கீழே வளைத்திருக்கிறார்கள். சரி செய்யலாம், ஆனால் வாங்க வருபவரிடம் மறைக்காதீர்கள்.

மார்க் 6 வந்தது 1954-இல். ஆல்டோ, டெனர் இரண்டும் எழுபதுகளின் நடுவில் நின்றன. சீரியல் நம்பர் லட்சத்தைத் தொட்டது 1962 வாக்கில். அதற்கு முந்தைய ஐந்து இலக்க நம்பருக்கு ஆட்கள் அலைகிறார்கள். உங்களுடையது ஐந்து இலக்கம். மூன்றில் பணமாக மாறக்கூடியது அதுதான். உங்கள் வீட்டில் டெனர் ஊத ஆள் இல்லை. மகள் பிடிப்பது ஆல்டோ. ஆகவே செல்மரை விற்றுவிடுங்கள். பேட் மாற்றி, பழைய பெட்டியோடு, பழைய லாக்கர் பூச்சோடு விற்கவும். புதிதாக லாக்கர் அடித்தால் விலை பாதி வரை இறங்கும்.

கான் ஆல்டோவை வைத்துக்கொள்ளுங்கள். பெல்லில், அதாவது விரிந்த வாயில், ஐங்கோணத்துக்குள் ஒரு பெண் முகம் செதுக்கியிருக்கிறதே, அதுதான். துளைகளின் விளிம்பு சுருட்டி விட்டிருக்கிறது, 1947 வாக்கில் அந்த வேலையைக் கைவிட்டார்கள். நெக்கில் உள்ள திருகு டியூனரில் காற்று போகிறதா என்று மட்டும் பார்க்கணும்.

சி மெலடியைத் தூக்கிப்போட நினைக்காதீர்கள். 1920-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பியானோ பக்கத்தில் நின்று ஊதியது. இன்று விற்றால் பேட் மாற்றிய காசுகூட வராது. ஆனால் அதன் சா நம் 1 கட்டை. ஆண்கள் பஜனை பாடும் சுருதி. ஆல்டோ 2½, டெனர் 6½. வெள்ளிக்கிழமை பஜனைக்கு இதைவிட எது வேண்டும்? பழைய பெரிய அறை உள்ள மவுத்பீஸ் மட்டும் தேடுங்கள். இந்தக் காலத்து மவுத்பீஸ் போட்டால் சுருதி ஓடிப்போகும்.

மார்க் 6-ஐ விற்கச் சொல்கிறவனுக்குப் பைத்தியம்தான். நாற்பது வருடம் பேண்ட் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன்.

ஐயா, ஊதுகிறவன் கையில் இருந்தால் விற்கச் சொல்ல மாட்டேன். அலமாரியில் பூஞ்சை பிடிக்க வைத்திருப்பதைத்தான் சொன்னேன். லாக்கர் போனால் நாதமும் போகும் என்று நீங்கள் சொல்வதுண்டு. அடுத்து அதைக் கேட்கப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். கெடுப்பது லாக்கர் அல்ல, புது லாக்கர் அடிக்கும் முன் சக்கரத்தில் தேய்க்கிறார்களே, அது. செதுக்கல் மழுங்கும், தகடு மெலியும்.

எச் என்று முத்திரை இருக்கிறது. ஹை கிளாஸா?

ஹை பிட்ச். இன்றைய சுருதி அளவான 440 ஹெர்ட்ஸ் அல்ல, ஏறக்குறைய 457. அரைக்கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்கும். மவுத்பீஸை இழுத்தால் சரிவராது. துளைகளின் இடைவெளியே வேறு. சுவரில் மாட்டுங்கள்.

என் சாக்ஸ் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) போகும்?

கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எதுவும் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

கோயில் நாதஸ்வரக்காரன் நான். சாவி வைத்த கருவியில் கமகம் ஏது? எதை வைத்தால் என்ன, விற்றால் என்ன?

வந்துவிட்டீர்களா! நீங்கள் துளையைப் பாதி மூடி, சீவாளியை உதட்டால் அழுத்தி இழுக்கிறீர்கள். சாக்ஸில் துளையைப் பேட் மூடுகிறது, விரல் படாது. அதனால் தாடையும் உதடும்தான் வேலை செய்யணும், கூட சாவியைப் பாதி தூக்கும் பழக்கம். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டிருப்பீர்கள். அவர் தகப்பனார் உங்கள் நாதஸ்வரக்காரர்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைக் கேட்டு மயங்கிய பையன், பின்னாளில் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்து 2004-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2019-இல் காலமானார். கமகம் இல்லை என்று அவர் எதிரில் சொல்லியிருப்பீர்களா?

சொல்லியிருப்பேன். தோடியில் காந்தாரத்தை நீங்கள் ஊதுங்கள், நான் கேட்கிறேன்.

வாருங்கள், கான் ஆல்டோவிலேயே ஊதிக் காட்டுகிறேன். உதட்டுக்கு வளைந்துகொடுக்கும். செல்மர் சுருதியைப் பிடித்து நிற்கும், அசைப்பது கஷ்டம். பேண்டில் பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்க அது வசதி, ஆலாபனைக்கு இது வசதி. உங்கள் பாரி நாதஸ்வரமும் 2½ கட்டை என்றால் சுருதிப்பெட்டியை மாற்றவே வேண்டாம். திருவிழா முடிந்ததும் மண்டபத்திலேயே வைத்துக்கொள்வோம். பேண்ட் மாஸ்டர் ஐயாவும் வரட்டும், சண்டையை அங்கே முடிப்போம்.

கிளாரினெட் கேள்வி கேட்கலாமா?

எனக்கு வராது அம்மா. ஈப்போவில் விசாரியுங்கள்.

என் டெனர் எவ்வளவு போகும் அண்ணே?

மேலே படியுங்கள்.

வெள்ளி முலாம் பூசிய பழைய ஆல்டோ. கறுத்துவிட்டது. அம்மா புளி போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டாங்க. விற்கலாமா?

ஐயோ. பதினான்கு வயதில் அப்பாவின் சாக்ஸுக்கு நானும் இதையேதான் செய்தேன். மின்னியது. புளித்தண்ணி சாவியைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி ஊசி ஸ்பிரிங் துரு பிடித்தது. தேர் வீதியில் நடக்கும்போது ஒரு ஸ்பிரிங் டக்கென்று முறிந்தது, சாவி தொங்கியது, அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கறுப்பு எடுக்க வெள்ளித் துணி போதும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஊத வேண்டாம், சாவிகளையும் அமுக்க வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஞாயிறு காலை எடுத்து வாருங்கள், ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அம்மாவைத் திட்டாதீர்கள்.