வேல்ஸ் எல்லையோரம் குடியிருப்பவர்கள் பெருந்தொற்றில் யார் சொல்வதைக் கேட்பது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரெக்ஸமில் குடியிருக்கிறோம். நான் இங்கே முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன், கணவருக்கு வேலை செஸ்டரில். கொரோனா நேரத்தில் டிவியில் பிரதமர் ஒன்று சொன்னார், கார்டிஃபில் வேறொன்று சொன்னார்கள், கடைசிவரை குழப்பம் தீரவில்லை. இன்னொரு தொற்று வந்தால் யார் பேச்சைக் கேட்பது? வருமானம் நின்றுபோனால் யாரிடம் கேட்பது? குறை இருந்தால் எங்கே போவது?"

முதல் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. நீங்கள் எந்த மண்ணில் நிற்கிறீர்களோ அந்த மண்ணின் விதிதான் உங்களுக்கு. ரெக்ஸமில் இருக்கும்வரை, தலைநகர் கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசு போட்ட விதி, செஸ்டருக்குள் போய்விட்டால் இங்கிலாந்துக்கென்று லண்டனில் இருக்கும் பிரிட்டன் அரசு போட்ட விதி. உங்கள் விசா என்ன, கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருக்கிறது, இதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் பணம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு, அதில் பெரும்பகுதி லண்டன் கையில்தான் இருக்கிறது. கொரோனா காலத்தில் வேல்ஸ் மக்கள் பட்ட அவஸ்தையில் பாதி, விதி போடும் அதிகாரம் ஓரிடத்திலும் அதற்கான பணம் இன்னோரிடத்திலும் இருந்ததால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

எப்படி இப்படி ஆனது? 1997 வாக்கெடுப்பில் 50.3 சதவீதம் பேர் ஆம் என்று சொல்லி, மயிரிழையில் தப்பிப் பிறந்தது வேல்ஸ் சட்டமன்றம். 1999 முதல் சுகாதாரம் கார்டிஃபின் பொறுப்பு. 2011இல் நடந்த இன்னொரு வாக்கெடுப்புக்குப் பிறகு சுயமாகச் சட்டம் இயற்றும் அதிகாரமும் முழுமையாக வந்தது. 2020 மே மாதம், தொற்றின் நடுவிலேயே, அந்த மன்றம் செனெத் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஊரடங்கு விதிகளுக்கு அடிப்படை என்ன என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அது 1984ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொதுவான சட்டம்தான், ஆனால் அதன் கீழ் விதி போடும் அதிகாரம் வேல்ஸைப் பொறுத்தவரை வேல்ஸ் அமைச்சர்களுக்கு. 2020 மார்ச் 26 மாலை 4 மணிக்கு வேல்ஸின் முதல் ஊரடங்கு அமலுக்கு வந்தது இப்படித்தான். லண்டன் நினைத்திருந்தால் 2004ஆம் ஆண்டு அவசரநிலைச் சட்டத்தைக் கையிலெடுத்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளுக்கும் ஒரே விதி போட்டிருக்கலாம். எடுக்கவில்லை. எனவே அடுத்த தொற்று வரும்போது முதலில் கவனிக்க வேண்டியது எந்தச் சட்டத்தின் கீழ் விதி வருகிறது என்பதைத்தான். 1984 சட்டம் என்றால் கார்டிஃப் சொல்வதைக் கேளுங்கள். 2004 சட்டம் என்றால் லண்டன்.

உங்களைக் குழப்பிய அந்த டிவி பேச்சு பெரும்பாலும் 2020 மே 10ஆம் தேதியுடையதாக இருக்கும். 'வீட்டிலேயே இருங்கள்' என்று அதுவரை சொல்லிவந்த போரிஸ் ஜான்சன், அன்று 'விழிப்பாக இருங்கள்' என்று மாற்றினார், காரில் வெளியூர் போய் உடற்பயிற்சி செய்யலாம் என்றார். அது இங்கிலாந்துக்கு மட்டும் என்பதைப் பளிச்சென்று சொல்லவில்லை. வேல்ஸில் அப்போதும் வீட்டிலேயே இருப்பதுதான் சட்டம். வடக்கு வேல்ஸின் மலைப்பகுதியான ஸ்நோடோனியா பக்கம் காரில் கிளம்பி வந்தவர்களைக் காவல்துறை திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. இத்தனைக்கும் காவல்துறை வேல்ஸுக்குப் பகிரப்படாத துறை, லண்டன் உள்துறையின் பொறுப்பில் இருப்பது. ஆனாலும் அவர்கள் அமல்படுத்தியது கார்டிஃப் போட்ட விதியை. அதனால் பிரதமர் பேசினால் கேளுங்கள், ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை வேல்ஸ் அரசின் இணையதளத்தில் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அப்புறம், சட்டம் வேறு, வழிகாட்டுதல் வேறு. 2020 ஜூனில் ஊரெல்லாம் பேசிய 'ஐந்து மைல்' விதி நினைவிருக்கும். சட்டத்தில் இருந்தது, நியாயமான காரணம் இல்லாமல் உங்கள் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான். ஐந்து மைல் என்பது அதை விளக்க அரசு சொன்ன பொதுவான அளவு. அபராதம் பற்றிய பேச்சு வந்தால் இந்த வித்தியாசம் பெரிது. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்குப் போவது 'நியாயமான காரணம்' என்றே விதிகளில் இருந்தது. 2020 அக்டோபர் 1 மாலை ரெக்ஸம் உட்பட வடக்கு வேல்ஸின் நான்கு பகுதிகள் உள்ளூர்க் கட்டுப்பாட்டுக்குள் போனபோதும் அதே நிலைதான். ஆகவே உங்கள் கணவர் செஸ்டர் போய்வருவதற்குத் தடை இருந்திருக்காது. இன்னொரு தடவை இப்படி வந்தால், 'இந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியாது' என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கிக் காரிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 20 முதல், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலைக்குக் காரணமின்றி அலுவலகம் போனால் தொழிலாளிக்கே 60 பவுண்ட் அபராதம் என்று வேல்ஸ் அரசு விதி போட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, அதில் நியாயம் இருந்தது. முதலாளி வரச் சொன்னால் தொழிலாளி என்ன செய்வார்?

அதே கார்டிஃப் அரசு வேலையிடத்தில் நல்லதும் செய்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தொழிலாளர் சட்டமும் வேலையிடப் பாதுகாப்பும் லண்டனிடம் இருக்கும் துறைகள். இருந்தும் 2020 ஏப்ரலிலேயே, வேலையிடத்தில் ஆளுக்கு ஆள் 2 மீட்டர் இடைவெளி இருக்க முதலாளிகள் நியாயமான நடவடிக்கை எல்லாம் எடுத்தாக வேண்டும் என்று பொதுச் சுகாதார விதி வழியாகச் சட்டமாக்கினார்கள். உங்களுடைய இல்லத்துக்கு இந்த மாதிரி விதி வந்தால் அது வெறும் அறிவுரை இல்லை, முதலாளியைக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு உங்கள் கணவர் வேலை பார்க்கும் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. செஸ்டர் கால்பந்து கிளப்பின் அலுவலகமும் கார் நிறுத்துமிடமும் இங்கிலாந்தில், ஆடுகளம் வேல்ஸில். 2021 கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து வேல்ஸில் வெளியரங்க நிகழ்வுக்கு 50 பேர்தான் வரம்பு, இங்கிலாந்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. கிளப் கூட்டத்தோடு ஆட்டங்களை நடத்தியது, வடக்கு வேல்ஸ் காவல்துறையும் ஃபிளின்ட்ஷயர் கவுன்சிலும் 2022 ஜனவரியில் எச்சரித்தன. தாங்கள் ஆடுவது இங்கிலாந்து லீக்கில், தங்களை இங்கிலாந்து கிளப்பாகவே எண்ணியிருந்தோம் என்றெல்லாம் அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் புல்தரை வேல்ஸில் இருந்தது.

சரி, இனி பணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2020 அக்டோபரில் தொற்று மறுபடி ஏறியது. ஒரு குறுகிய முழு அடைப்பு வேண்டும் என்று லண்டனின் அறிவியல் ஆலோசனைக் குழுவே செப்டம்பர் 21ஆம் தேதி பரிந்துரைத்திருந்தது, ஜான்சன் அரசு ஏற்கவில்லை. அப்போதைய வேல்ஸ் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட் ஏற்றார். அக்டோபர் 23 மாலை 6 மணி முதல் நவம்பர் 9 வரை 'ஃபயர்பிரேக்' அடைப்பு. கடையை மூடினால் ஊழியருக்கு யார் சம்பளம் தருவது? வேலை நின்று வீட்டிலிருந்தவர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை லண்டன் ஏற்ற ஃபர்லோ திட்டம் அக்டோபர் 31 அன்று முடிகிறது, அதற்குப் பதிலான புதுத் திட்டம் நவம்பர் 1 முதல்தான். அதை அக்டோபர் 23க்கே முன்னால் கொண்டுவாருங்கள் என்று நிதியமைச்சர் ரிஷி சுனக்கிடம் கேட்டார் டிரேக்ஃபோர்ட். நடைமுறையில் முடியாது என்று பதில் வந்தது. சில நாள்தான் போயிருக்கும். அக்டோபர் 31 இரவு, இங்கிலாந்துக்கு முழு ஊரடங்கு வருகிறது என்று ஜான்சன் அறிவித்தார், கூடவே 80 சதவீத ஃபர்லோ நீட்டிப்பும் வந்தது. வேல்ஸ் கேட்டபோது முடியாதது, இங்கிலாந்துக்குத் தேவை என்றதும் ஒரே இரவில் முடிந்தது. இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காகக் கார்டிஃப் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். ஃபயர்பிரேக் குறுகியது, தாமதமாக வந்தது, முடிந்ததும் கட்டுப்பாடுகள் அதிகம் தளர்ந்துவிட்டன, டிசம்பர் 20 முதல் மறுபடி முழு ஊரடங்கு. ஹாலெட் அம்மையார் தலைமையிலான கொரோனா விசாரணை ஆணையமும் 2025 நவம்பர் அறிக்கையில் நான்கு அரசுகளையும் சேர்த்தே 'குறைவாகச் செய்தார்கள், தாமதமாகச் செய்தார்கள்' என்று கண்டித்தது.

பணப் பிரச்சினை உங்கள் தொழிலையே நேராகத் தொட்டது. 2020 மே மாதம் வேல்ஸ் அரசு பராமரிப்பு ஊழியர்களுக்குத் தலா 500 பவுண்ட் அறிவித்தது. வரி பிடிக்காதீர்கள் என்று லண்டனைக் கேட்டார்கள், லண்டன் மறுத்துவிட்டது. பெற்ற தொகையில் ஒரு பகுதி கருவூலத்துக்குத் திரும்பிப் போனது. 2021இல் அடுத்த போனஸைத் தரும்போது, வரி போகக் கையில் 500 பவுண்ட் நிற்க வேண்டும் என்று 735 பவுண்டாகக் கொடுத்தார்கள். அடுத்த முறை இப்படி ஒரு அறிவிப்பு வந்தால், வரிக்கு முந்தைய தொகையா பிந்தையதா என்று முதலில் கேளுங்கள். நீங்கள் யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்குபவராக இருந்தால், அதில் பாதிப்பு உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனவே வருமானம் நின்றால்: ஃபர்லோ மாதிரி சம்பள உதவி, அரசு நோய்க்கால ஊதியம், யூனிவர்சல் கிரெடிட் எல்லாம் லண்டன். தனிமைப்படுத்திக்கொண்டதற்காகக் கொடுத்த 500 பவுண்ட் உதவி (பிறகு 750 ஆனது) வேல்ஸ் அரசின் திட்டம், உங்கள் கவுன்சில் வழியாக வந்தது. உங்கள் கணவரின் முதலாளிக்கு வணிக மானியம் வேண்டுமென்றால் அது செஸ்டர் பக்கத்துக் கவுன்சில், ரெக்ஸம் இல்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா? கொஞ்சம். அன்று வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து அரசுகளின் தலைவர்களும் பிரதமரும் உட்காரும் கூட்டுக் குழு, தொற்றின்போது கூடவே இல்லை. ஒழுங்காகக் கூடினால் நான்கு நாடுகளின் குட்டி ஐரோப்பிய ஒன்றியம் போலத் தோற்றமளிக்கும் என்று தயங்கியதாக ஜான்சனே விசாரணை ஆணையத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். 2022 ஜனவரியில் அந்தக் குழுவுக்குப் பதில் மூன்று அடுக்கு அமைப்பு ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது உடன்பாடுதான், சட்டம் அல்ல. பிரதமர் விரும்பினால் கூடும். பணம் இன்றும் பார்னெட் சூத்திரத்தின்படி வருகிறது, அதாவது இங்கிலாந்தில் செலவு கூடினால்தான் வேல்ஸுக்கும் பங்கு கூடும். வேல்ஸில் முதலில் தொற்று வெடித்தால் அந்தச் சூத்திரத்தில் அதற்குப் பதில் இல்லை.

கடைசியாக, முறையீடு. ஊரடங்கு விதி, பள்ளி, வேல்ஸ் மருத்துவமனை பற்றியென்றால் உங்கள் செனெத் உறுப்பினரிடம் போங்கள். 2026 மே தேர்தல் முதல் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆறு உறுப்பினர்கள், ஒருவர் பதில் தராவிட்டால் மற்றொருவருக்கு எழுதலாம். சம்பள உதவி, வரி, விசா, காவல்துறை என்றால் வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் நாடாளுமன்ற எம்பி. மருத்துவச் சேவை பற்றிய புகாரை முதலில் அந்தச் சுகாதார வாரியத்திடமே எழுத்தில் கொடுங்கள். எழுதத் துணை வேண்டுமென்றால் 'லைஸ்' என்ற அமைப்பு இலவசமாக உதவும். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேல்ஸ் பொதுச் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரெக்ஸம் பக்கத்து நோயாளிகள் சிலரைச் செஸ்டர் மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம் என்பதால், அங்கே நேர்ந்த குறைக்கு முதல் கடிதம் அந்த மருத்துவமனைக்கு, அதன் நகல் உங்களை அனுப்பிய வாரியத்துக்கு. இரண்டையும் ஒரே நாளில் அனுப்பிவிடுங்கள்.