டேபிள் இருக்கிறது, இண்டெக்ஸ் இல்லை: கேள்வி பதில்

கேள்வி: எஸ்ஏபி நிறுவன மென்பொருளில் டேட்டாபேஸ் நிலையைக் காட்டும் டிபி02 திரையைத் திறந்தால், டேட்டாபேஸில் இல்லாத இண்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகத் தேட உதவும் தேடுபட்டியல்) என்று ஏழு பெயர்கள் வருகின்றன. ஏழையும் உடனே உருவாக்கிவிடலாமா?

பதில்: முதலில் பிரைமரி எது, செகண்டரி எது என்று பிரியுங்கள். பெயர் ~0 என்று முடிந்தால் பிரைமரி, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கீ நெடுவரிசைகளுக்கானது; மற்றவை செகண்டரி. செகண்டரி இல்லையென்றால் பெரும்பாலும் வேகம்தான் போகும். பிரைமரி இல்லையென்றால் ஒரே கீயில் இரண்டு வரிசை நுழைவதைத் தடுக்க டேட்டாபேஸில் ஆளே இல்லை. அந்த டேபிளில் எழுதும் ஜாபுகளை இப்போதே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

செகண்டரிக்கு எஸ்ஏபியின் சொந்த வரையறைத் தொகுப்பான டிக்‌ஷனரியைக் காட்டும் எஸ்இ11 திரையில் அந்த இண்டெக்ஸின் வரையறையைப் பாருங்கள். டிக்‌ஷனரியில் ஆக்டிவாக இருந்து டேட்டாபேஸில் மட்டும் இல்லையென்றால் டேட்டாபேஸில் டேபிள், இண்டெக்ஸ் உருவாக்கும் எஸ்இ14 திரைக்குப் போய், டேபிள் பெயர் கொடுத்து, இண்டெக்ஸைத் தேர்ந்து, பேக்கிரவுண்ட் முறையில் உருவாக்குங்கள். பெரிய டேபிளை நேரடி முறையில் ஓட்டினால் திரையில் நேரடியாக ஓடும் வேலைக்கான டயலாக் நேர வரம்பு நடுவிலேயே வெட்டிவிடும்.

கேள்வி: பிரைமரியை உருவாக்கப் போனால் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓஆர்ஏ-01452 என்ற பிழையைத் தருகிறது.

பதில்: இரட்டை வரிசைகள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன. கீ நெடுவரிசைகள் அனைத்தையும் எஸ்க்யூஎல் கட்டளையின் குரூப் பை-யில் போட்டு, கவுண்ட் ஒன்றுக்கு மேல் உள்ளவற்றை எடுங்கள். கிளையன்ட் (ஒரே சிஸ்டத்துக்குள் தனித்தனியாக இயங்கும் பகுதி) நெடுவரிசையும் கீயில் சேர்த்திதான். அதை விட்டால் வேறு கிளையன்டின் நல்ல வரிசையும் இரட்டை என்று வந்து நிற்கும்.

உதாரணமாக, கிளையன்ட் 100, ஆர்டர் 4500012345, ஐட்டம் 10 இரண்டு முறை வருகிறது என்று வையுங்கள். இரண்டையும் எல்லா நெடுவரிசைகளோடும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஒரே ஃபைல் இருமுறை லோடு ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், ஒன்றை நீக்கலாம். ஒன்றில் அளவு 5, மற்றதில் 8 என்றால் எது சரி என்று டேட்டாபேஸ் பார்க்கும் ஆள் முடிவு செய்யவே கூடாது. அந்த ஆர்டருக்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டும். 'ரோ ஐடி சிறியதை வைத்துக்கொள், மற்றதை அழி' என்ற ஸ்கிரிப்ட் (ரோ ஐடி என்பது வரிசை இருக்கும் இடத்தின் முகவரி) பல இடங்களில் கிடைக்கும். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். அழிக்கும் முன் டேபிளை நகலெடுங்கள். எஸ்ஏபி தந்த டேபிள் என்றால் கை வைக்கும் முன் அவர்களிடம் டிக்கெட் போடுங்கள்.

கேள்வி: இருந்த இண்டெக்ஸ் எப்படிக் காணாமல் போகும்?

பதில்: பெரிய லோடுக்காக இண்டெக்ஸை நீக்கிவிட்டு, திரும்ப உருவாக்கும் படி தோற்றுப்போனதை லாகில் யாரும் பார்க்காமல் விடுவது ஒரு வழக்கமான காரணம். டேபிள்ஸ்பேஸில் (டேட்டாபேஸில் ஒதுக்கிய சேமிப்பிடம்) இடமில்லாமல் உருவாக்கம் பாதியில் நிற்பது இன்னொன்று. சிஸ்டம் காப்பி, மைக்ரேஷனிலும் இதே கதைதான்.

வேறொரு வகையும் உண்டு. அவசரத்துக்கு நேரடியாக டேட்டாபேஸில் போட்ட இண்டெக்ஸ் டிக்‌ஷனரிக்குத் தெரியாது. பின்னாளில் டேபிள் அமைப்பு மாறி கன்வர்ஷன் (புது அமைப்பில் டேபிளை உருவாக்கித் தரவை அதற்கு மாற்றுவது) நடந்தால், பழைய டேபிள் க்யூசிஎம் என்று தொடங்கும் பெயருக்கு மாறும். புதிதாக உருவாகும் டேபிளில் டிக்‌ஷனரிக்குத் தெரிந்த இண்டெக்ஸ் மட்டுமே வரும். எனவே எஸ்இ11-இல் இசட் அல்லது ஒய் என்று தொடங்கும் பெயரில் வரையறுத்து, டிரான்ஸ்போர்ட் (மாற்றங்களை ஒரு சிஸ்டத்திலிருந்து அடுத்ததுக்குக் கொண்டுசெல்லும் எஸ்ஏபி முறை) வழியாகவே கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் ஈஆர்பி (நிறுவன மேலாண்மை மென்பொருள்) எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஓடுகிறது. அதன் மிஸ்ஸிங் இண்டெக்ஸ் டிஎம்வி (சர்வர் தன் உள்நிலையைக் காட்டும் பட்டியல்) நாற்பது பரிந்துரை தருகிறது. அப்படியே போடலாமா?

பதில்: வேண்டாம். அது பரிந்துரைதான், காணாமல் போனவற்றின் கணக்கு அல்ல. கீயில் எந்த நெடுவரிசை முதலில் வரவேண்டும் என்பதை அது யோசிப்பதில்லை. ஒரே டேபிளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல நான்கு பரிந்துரை வரும். அவற்றை ஒன்றாக்கி, ஏற்கெனவே உள்ள இண்டெக்ஸில் ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதுமா என்று பாருங்கள். சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் பட்டியல் அழிந்துவிடும். மாதக் கடைசி வேலைகள் முடிந்த பிறகு எடுத்தால்தான் அது பயன்படும்.

கேள்வி: பயனர்கள் வேலை செய்யும்போதே உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம். இண்டெக்ஸ் உருவாக்கும் கட்டளையில் ஆரக்கிளில் ஆன்லைன் என்ற சொல்லையும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் கன்கரன்ட்லி என்ற சொல்லையும் சேருங்கள். ஆரக்கிளுக்கு என்டர்பிரைஸ் எடிஷன் வேண்டும். போஸ்ட்கிரெஸில் நடுவில் தோற்றால் இன்வேலிட் இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும்: தேடலுக்கு உதவாது, ஆனால் எழுதும்போதெல்லாம் சுமை கூட்டும். போஸ்ட்கிரெஸின் பிஜி_இண்டெக்ஸ் டேபிளில் இண்டிஸ்வேலிட் மதிப்பைப் பார்த்து, அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். நெடுநேரம் முடியாமல் கிடக்கும் டிரான்ஸாக்‌ஷன் இருந்தால் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் இரண்டிலுமே உருவாக்கம் காத்து நிற்கும். முதலில் அதைத் தேடி முடியுங்கள்.

கேள்வி: உருவாக்கியாயிற்று. ரிப்போர்ட் இன்னும் மெதுவாகவே ஓடுகிறது.

பதில்: எஸ்ஏபியின் எஸ்டி05 திரையில் டிரேஸ் (ஓடிய எஸ்க்யூஎல் கட்டளைகளின் பதிவு) எடுத்து எக்ஸ்பிளெய்ன் (டேட்டாபேஸ் தேர்ந்த தேடல் வழி) பாருங்கள். இண்டெக்ஸின் முதல் நெடுவரிசை கட்டளையின் வேர் (where) நிபந்தனையில் இருக்கிறதா? நெடுவரிசையைச் சுற்றி அப்பர் போன்ற ஃபங்ஷன் இருக்கிறதா? எழுத்து வகை நெடுவரிசையை எண்ணோடு ஒப்பிடுகிறீர்களா? மூன்றும் சரியென்றால் டேபிளின் ஸ்டாட்டிஸ்டிக்ஸை (தரவு எவ்வளவு, எப்படிப் பரவியுள்ளது என்ற கணக்கு) புதுப்பித்துவிட்டு அதே எக்ஸ்பிளெய்னை மறுபடி எடுங்கள்.