மூக்குக் குத்தும் நீர்மூழ்கிக்கு லெவலர் வாங்கலாமா?

கேள்வி: மகனுக்காகக் கொழும்பில் ஒருவரிடம் பாவித்த ரிமோட் நீர்மூழ்கி ஒன்று வாங்கினேன். எடை 4 கிலோ. மேலே நன்றாக ஓடுகிறது. மூழ்குவதற்காகத் தன் தாங்கிக்குள் தண்ணீர் எடுத்ததும், ஓடாமல் நிற்கும்போதே மூக்குக் குத்தி, கிணற்றடித் தொட்டியின் அடியில் போய் இருக்கிறது. விற்றவர், தானாக மட்டம் பிடிக்கும் லெவலர் வாங்கிப் பூட்டச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு தந்தை, கொக்குவில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லெவலர் செட்டைகளை அசைத்துத்தான் மட்டம் பிடிக்கும். கப்பல் ஓடினால்தான் செட்டைக்குத் தண்ணீரில் பிடி கிடைக்கும். நின்ற நிலையிலேயே குத்துகிற உங்கள் கப்பலுக்கு அது வீண்செலவு.

மீன்பிடிச் சாமான் கடையில் வலைக்குக் கட்டும் ஈயம் கொஞ்சம் வாங்குங்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஏதாவது ரீவிப் பெட்டியோடு வந்தது வீட்டிலேயே கிடக்கும். தாங்கி வெறுமையாக இருக்கும்போது, ஈயத்தை அடித்தளத்தில் முடிந்தளவு தாழ வைத்து, நீர்மட்டக் கோடு முன்னும் பின்னும் ஒன்றாக வரச் செய்யுங்கள். பாரம் கீழேயும் மிதப்பு மேலேயும் இருந்தால்தான் கப்பல் புரளாது.

பிறகு தாங்கியை நிரப்புங்கள். வெளிக்கூட்டுக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளைச் சரித்து ஆட்டி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது மூக்குத் தாழ்ந்தால் ஈயத்தைத் தொடவேண்டாம். தண்ணீர் புகும் வெளிக்கூட்டின் முன்பக்கத்தில், நீர்மட்டக் கோட்டுக்கு மேலே ரெஜிபோம் துண்டு ஒட்டுங்கள். மிதக்கும்போது அது தண்ணீருக்கு வெளியே நிற்பதால் முன்பு பிடித்த மட்டம் குழம்பாது. மூழ்கிய பிறகுதான் மூக்கைத் தூக்கும். சிலிக்கன் பசை பாவியுங்கள். செருப்புக்கு ஒட்டுகிற பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும்.

தாங்கி நிரம்பிய பின்னும் கப்பலின் முதுகில் நிற்கும் கோபுரத்தின் நுனி வெளியே தெரியட்டும். மிச்சத்தை ஓட்டத்தில் செட்டை கீழே அமுக்கும். மோட்டர் நின்றால் கப்பல் தானே மேலே வரும். அரைத்தாங்கித் தண்ணீரோடு ஓட்டவேண்டாம், சரிந்த பக்கமே தண்ணீர் ஓடி இன்னும் சரிக்கும். பற்றரியையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறுக்குங்கள்.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் ரிமோட்டைப் பாருங்கள். இப்போது கடைகளில் வருகிற 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டின் அலை, தண்ணீருக்குள் சில அங்குலத்திலேயே செத்துவிடும். 27 அல்லது 40 மெகாஹேர்ட்ஸ் என்றால் நன்னீரில் சில மீற்றர் ஆழம் வரை கேட்கும். உப்புத்தண்ணீருக்குள் அதுவும் எடுபடாது. அதனால் மகன் எவ்வளவு கெஞ்சினாலும் பண்ணைக் கடலில் விட்டுவிடாதீர்கள். அங்கே மட்டமும் மாறும்: கடல்நீரின் அடர்த்தி கூட என்பதால், 4 கிலோக் கப்பலை அதே அளவுக்குத் தாழ்த்த 100 கிராம் ஈயம் மேலதிகமாகப் போடவேண்டியிருக்கும்.