திரைப்பட விழாவில் விருந்தினர் தாமதமாக வந்தால் படம் ஏன் ஓட மறுக்கிறது?

காரணம் கேடிஎம். பூட்டி அனுப்பப்படும் படத்தைத் திறக்கும் டிஜிட்டல் சாவி அது. படம் ஹார்ட் டிஸ்கில் வரும், பெரும்பாலும் நூறு ஜிபிக்கு மேல். சாவியோ மெயிலில் வரும் குட்டிக் கோப்பு. திருட்டு நகலைத் தடுக்க, எந்த சர்வரில் (தியேட்டரில் படத்தை ஓட்டும் கணினி), எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை ஓடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். முன்பதிவு செய்த பஸ் டிக்கெட் மாதிரி: அந்த வண்டி, அந்த நேரம், அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் விழா என்றால் இது கட்டாயம் கவனிக்க வேண்டியது. பெங்களூரு விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. விருந்தினராக விமானத்தில் வரும் நடிகர் அங்கிருந்து நகரம் முழுவதையும் தாண்டி, அத்திப்பள்ளி, ஓசூர் நெரிசலில் நீந்தி வரவேண்டும். அவருக்காகக் காட்சியைத் தள்ளிப்போட்டால் சாவி காலாவதியாகிவிடலாம். மாலை 6 மணிக் காட்சிக்கு முந்தின நாள் காலை முதல் மறுநாள் வரை செல்லும் சாவியாகக் கேட்டு வாங்குங்கள். சாவியில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், இந்திய நேரம் அறிய ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். சர்வரை மாற்றியிருந்தால் பழைய சாவி செல்லாது. முந்தின நாளே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இயக்குநரே மேடையில் இருக்கிறாரே, அவர் சொன்னால் திறக்காதா என்று பலர் கேட்பார்கள். திறக்காது; சாவி தயாரித்த லேப்தான் புதிதாக அனுப்ப வேண்டும்.