சின்ன கிளாஸ் பசங்களுக்கு சத்து, நோய், கம்ப்யூட்டர் மூணையும் எப்படி சொல்லிக் குடுக்கறது?

கேட்டவங்க மூணாவது, நாலாவது எடுக்கற டீச்சர். சாப்பாட்டு சத்து, நோய் எப்படி வருது, அடிப்படை கம்ப்யூட்டர் மூணையும் நீங்களே எடுங்கன்னு சொல்லிட்டாங்க, வாரத்துக்கு ரெண்டே பீரியட், எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்காங்க.

நானும் இதே நிலைமைல இருந்தவ தான். முதல் வருஷம் மூணையும் தனித்தனியா எடுத்தேன், புரதம் மாவுச்சத்துன்னு சார்ட் ஒட்டினேன், கிருமி படம் வரைய வச்சேன், மானிட்டர் சிபியு கீபோர்டுன்னு பாகம் குறிக்க வச்சேன், பரீட்சைல எல்லாரும் நல்ல மார்க், அதே பசங்க மறுநாள் கை கழுவாம டிபன் பாக்ஸ திறக்கறாங்க. அப்பறம் தான் மூணையும் ஒண்ணா கட்டினேன். சாப்பாட்டையும் நோயையும் பத்தி பசங்களே எதையாவது எண்ணணும், பாக்கணும், அத எழுதி வைக்கற நோட்டு தான் கம்ப்யூட்டர். ரெண்டு பீரியட் அதுக்கு போதும்.

மொதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன், நீங்களும் பண்ணிடாதீங்க. "காலைல என்ன சாப்பிட்டீங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க"ன்னு போர்டுல எழுதினேன். டேட்டா சேக்கறோம்னு எனக்கு ரொம்ப பெருமை வேற. ஒரு பொண்ணு தனக்கு முன்னாடி சொன்ன பையன் என்ன சொன்னானோ அதையே அப்படியே ஒரு வார்த்தை மாறாம சொன்னா. அப்பறமா தனியா கேட்டப்போ தான் தெரிஞ்சுது, அன்னைக்கு அவ ஒண்ணுமே சாப்பிடல. அந்த வயசுல யாரும் வீட்டுக்கு என்ன வாங்கறதுன்னு முடிவு பண்றதில்ல, அவங்க தட்டுல இருக்கறத வச்சு கிளாஸ்ல மார்க் போட்டா அடி விழறது அந்த பிள்ளைக்கு தான். அதோட இது நல்ல சாப்பாடு, இது கெட்ட சாப்பாடுங்கற பேச்சையும் விட்டுட்டேன், எத தினமும் சாப்பிடலாம், எத எப்பவாவது சாப்பிடலாம்னு மட்டும் தான் இப்ப.

அதுக்கு பதிலா காலி பாக்கெட், காலி கேன் கொண்டு வர சொல்லுங்க (எத்தனை வேணா நீங்களே சேத்து வச்சுக்கலாம், யாரு கொண்டு வந்ததுன்னு பேச்சே வராது). பின்னாடி இருக்கற லேபிள்ல சர்க்கரை எத்தனை கிராம்னு தேட விடுங்க, ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம், அப்போ 4ஆல வகுத்தா எத்தனை ஸ்பூன்னு வந்துடும். 330 மில்லி கோலா கேன்ல 35 கிராம் கிட்ட இருக்கும், அதாவது ஏறக்குறைய 9 ஸ்பூன். அத ஒரு கண்ணாடி டம்ளர்ல நிஜமாவே அள்ளி போட்டு காட்டினேன், அஞ்சாவது ஸ்பூன்லயே "போதும் மிஸ்"ன்னு கத்தறாங்க. நான் ஒரு அறிவுரையும் சொல்லல. அப்பறம் ஸ்ப்ரெட்ஷீட்ல (கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா இருக்கற கணக்குத் தாள்) பேருக்கு ஒரு நெடுவரிசை, ஸ்பூனுக்கு ஒரு நெடுவரிசைன்னு போட்டு பார் சார்ட் எடுத்தாங்க, வகுத்தல் கணக்கும் இலவசமா முடிஞ்சுது.

சத்துல இருந்து நோய்க்கு தாண்ட எனக்கு கிடைச்ச நல்ல பாலம் ஸ்கர்வி கதை, அதாவது வைட்டமின் சி குறைஞ்சா வர்ற நோய். 1747ல ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு கப்பல் டாக்டர், ஈறுல ரத்தம் வந்து சுருண்டு கிடந்த 12 மாலுமிங்கள ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஆறு விதமா குடுத்து பாத்தார், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு கடல் தண்ணி, ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். (கடல் தண்ணி கிடைச்ச ரெண்டு பேருக்காக எல்லா வருஷமும் கிளாஸ் முழுக்க பரிதாபப்படும்.) யாரு தேறியிருப்பாங்கன்னு முதல்ல ஓட்டு போட விடுங்க, அப்பறம் ஆரஞ்சு ஜோடின்னு சொல்லுங்க. ஆனா பிரிட்டிஷ் கடற்படை எல்லாருக்கும் எலுமிச்சை சாறு குடுக்க ஆரம்பிச்சது 1795ல தான், ஏன் மிஸ் அவ்ளோ லேட்டுன்னு கேப்பாங்க, தயாரா இருங்க. இதுல இருந்து ஒரு விஷயம் நல்லா பதியுது, நோய் ரெண்டு வழில வரலாம், ஒண்ணு ஏதோ உள்ள நுழைஞ்சு வர்றது, இன்னொண்ணு ஏதோ இல்லாம வர்றது. இரும்புச்சத்து குறைஞ்சா ரத்தசோகை, வைட்டமின் ஏ குறைஞ்சா மாலைக்கண், இதெல்லாம் ரெண்டாவது கட்சி, பக்கத்துல உக்காந்தா ஒட்டாது. இத சொன்னப்பறம் தான் ஒல்லியா இருக்கற பிள்ளைய தள்ளி உக்கார சொல்றது நின்னுது.

கிருமிக்கு மிளகுத்தூள் தண்ணில சோப்பு விரல வைக்கற வீடியோ எல்லாரும் காட்டறாங்க, எனக்கு அது பிடிக்காது. மிளகு ஓடறது தண்ணியோட மேற்பரப்பு இழுவிசை குறையறதால, கிருமி சோப்ப பாத்து பயந்து ஓடறதில்ல. அதுக்கு பதிலா கைல கொஞ்சம் எண்ணெயும் மினுமினு தூளும் தடவி ஒருத்தர் இன்னொருத்தர் கைய குலுக்கட்டும், கதவு பிடி வரைக்கும் மின்னும். வெறும் தண்ணில கழுவி பாக்கட்டும், அப்பறம் சோப்பு போட்டு 20 செகண்ட். கட்டை விரலும் நக இடுக்கும் தான் கடைசி வரைக்கும் மின்னிட்டே இருக்கும், அத அவங்களே கண்டுபிடிப்பாங்க.

அடுத்தது பிரெட். மூணு துண்டு, ஒண்ணு யாரும் தொடாதது, ஒண்ணு கழுவின கை, ஒண்ணு விளையாடிட்டு வந்த கை, தனித்தனி ஜிப் கவர்ல போட்டு ஒட்டிடணும். எதுல முதல்ல பூஞ்சை வருதுன்னு பாக்க தினமும் ஒரு போட்டோ. கம்ப்யூட்டர் பாடம் நிஜமா இங்க தான் நடக்குது, ஃபோல்டர் போடணும், ஃபைலுக்கு தேதியும் துண்டு நம்பரும் பேரா வைக்கணும், சேவ் பண்ணணும், மறுநாள் தேடி எடுக்கணும். கீபோர்ட்ல கைக்கு வந்தத தட்டி பேர் வச்ச ஒருத்தன் நாலாம் நாள் படத்த ஒரு பீரியட் முழுக்க தேடினான், அதுக்கப்பறம் ஃபைல் பேர பத்தி நான் வாயே திறக்க வேண்டியிருக்கல. ஒரு வருஷம் கழுவின கை துண்டுல தான் முதல்ல பூஞ்சை வந்துச்சு! எனக்கே வேர்த்துடுச்சு. கைய சரியா துடைக்காம ஈரத்தோட தொட்டிருக்கான்னு பசங்களே காரணம் சொன்னாங்க, அது சரியா இருக்கலாம்னு திரும்ப ஒரு தடவை செஞ்சோம். ஒரே ஒரு துண்ட வச்சு எதையும் அடிச்சு சொல்ல முடியாதுன்னு அன்னைக்கு எனக்கும் சேத்து பாடம்.

ஸ்ப்ரெட்ஷீட்ல இன்னொண்ணு. சூடு, ஈரம், தீனி எல்லாம் தோதா இருந்தா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகற பாக்டீரியா உண்டு. முதல் கட்டத்துல 1, அடுத்த கட்டத்துல மேல இருக்கறத 2ஆல பெருக்கற ஃபார்முலா, அத அப்படியே கீழ இழுக்க சொல்லுங்க. 3 மணி நேரத்துல 512, 10 மணி நேரத்துல 107 கோடி. கத்துவாங்க. உடனே சொல்லிடுங்க, நிஜத்துல தீனி தீந்து நின்னுடும், அதுவும் இல்லாம முக்காவாசி பாக்டீரியா நம்மள ஒண்ணும் பண்ணாது, குடல்ல இருக்கறது உதவியே பண்ணுது. பயமுறுத்தாதீங்க, தயவு செஞ்சு. நான் ஓவரா சொல்லி ஒரு பிள்ளை தோல் உரியற அளவுக்கு கை கழுவ ஆரம்பிச்சிட்டா, அவங்க அம்மா வந்து நின்னாங்க.

மவுஸ், டைப்பிங்குக்கெல்லாம் தனி பாடம் வேண்டாம், கைல வேலை இருந்தா தானா வந்துடும். எஃப், ஜே கீல இருக்கற சின்ன மேட்ட கண்ண மூடி தடவ விடுங்க, சேவ் பண்ண கன்ட்ரோல் எஸ், தப்பா பண்ணத திரும்ப எடுக்க கன்ட்ரோல் இசட்னு சொல்லிடுங்க. ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேர்னா 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை மவுஸ் கை மாறணும், இல்லன்னா தைரியசாலி மட்டும் கத்துப்பான்.

கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்தா நமக்கு ஜுரம் வருமான்னு கட்டாயம் ஒருத்தர் கேப்பாங்க. சிரிச்சிடாதீங்க, அருமையான கேள்வி அது. ரெண்டும் இன்னொரு இடத்துக்குள்ள புகுந்து தன்னையே காப்பி எடுத்துக்குது, அதனால அந்த பேர், ஆனா ஒண்ணு யாரோ எழுதின புரோகிராம், ஸ்கிரீன தொட்டா ஒட்டாது.

பிரெட் கவர மட்டும் கடைசி வரைக்கும் திறக்க விடாதீங்க, பூஞ்சைத்தூள் மூக்குல போகும், ஒட்டினபடியே குப்பைல போடணும். எங்க கிளாஸ்ல மூணாம் நம்பர் துண்டுக்கு ஒருத்தன் பேர் வச்சு வளத்தான், தூக்கிப் போடற அன்னைக்கு ஒரே அழுகை.